கடைசிக் கால் சுற்று

பிளம்பர் எழுதிக் கொடுக்கும் பில்லில் நாம் முதலில் பார்ப்பது கடைசி வரியை. மொத்தம் எவ்வளவு என்று பார்த்ததும், "கொஞ்சம் பாத்துப் போடுங்கண்ணே" என்று சொல்லி, நூறோ இருநூறோ குறைத்துக் கொடுத்துவிட்டுத் தாளைக் கசக்கிப் போடுகிறோம். மேலே உள்ள வரிகளை நிதானமாகப் படிப்பவர்கள் குறைவு. படித்துப் பார்த்தால் அவற்றில் ருசி இருக்கிறது.

திருவொற்றியூரில் ஒரு வீட்டுக் குளியலறைக்குப் பினிஷிங் வேலை முடித்துவிட்டு, தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு பிளம்பர் எழுதிக் கொடுத்த பில் இது. சாமான் எல்லாம் வீட்டுக்காரர் வாங்கியது. இதில் இருப்பது கூலி மட்டும்.

ஆங்கிள் காக் 5 – 400
வால் மிக்சர், ஷவர் – 600
ஹெல்த் பாசெட் – 100
பேசின் – 500
கிளாசெட் – 900
கீசர் – 500
தண்ணி விட்டுப் பாத்தது –
மொத்தம் 3,000

முதல் நயம் வரிசையில் இருக்கிறது. கடைக்காரர் பில்லைப் பார்த்து எழுதிய வரிசை இல்லை இது; விலை ஏறும் வரிசையும் இல்லை. வேலை நடந்த வரிசை. சுவரிலிருந்து எட்டிப் பார்க்கும் வாய்களுக்கெல்லாம் முதலில் ஆங்கிள் காக். அவற்றைப் பூட்டி மூடிவிட்டால் மாடி டேங்க்கின் வால்வைத் திறந்துவிடலாம். சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவர்களுக்குத் தண்ணீர் நிற்காது. பிறகு சுவரின் உயரத்தில் உள்ளவை. தரையில் உட்காரும் கிளாசெட் தாமதமாகத்தான் வரும். முன்பே வைத்துவிட்டால், மேலே வேலை நடக்கும்போது கைதவறி விழும் ஒரு ஸ்பேனர் போதும், பீங்கான் போயிற்று. கீசர் கடைசி, ஏனென்றால் அதற்கு எலக்ட்ரீஷியனும் வரவேண்டும். வீட்டுக்காரருக்குத் தொந்தரவு எப்படிக் குறையும், பொருளுக்குச் சேதம் எப்படி வராது என்று யோசித்த மூளை அந்த ஆறு வரிக்குள் இருக்கிறது.

குழாய் வேலைக்கு இரண்டு பாகம் உண்டு. சுவரை வெட்டிப் பைப்பைப் புதைப்பது ரஃப் வேலை. பூச்சு, டைல்ஸ், பெயிண்ட் எல்லாம் முடிந்தபின், சில சமயம் மாதக்கணக்கு கழித்து, குழாய்களையும் பீங்கான்களையும் மாட்டுவது பினிஷிங். முதல் பாகம் செய்தவரே இரண்டாவதைச் செய்வார் என்று உறுதி கிடையாது. வேறு வேலை கிடைத்துப் போயிருப்பார், அல்லது முன்பணத் தகராறில் நின்றிருப்பார். அப்போது புதிதாக வருகிறவர் டைல்ஸுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல், வெளியே தெரியும் வாய்களை மட்டும் வைத்துச் சுவரைப் படிக்க வேண்டும். மேலேயிருந்து இறங்குகிறதா, தரைவழியே வருகிறதா, இது சூடா பச்சைத் தண்ணீரா, டம்மி பிளக்கைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் எல்போவும் சேர்ந்து சுற்றுகிறதா? கடைசிக் கேள்விக்கு விரல் நுனியால் பதில் தெரிந்துகொள்வார்கள். பிளக் தனியாகச் சுற்றினால் நல்லது. சுவருக்குள்ளே ஏதோ கூடவே நகர்வதுபோல் ஒரு மெத்தென்ற உணர்ச்சி வந்தால் கையை எடுத்துவிடுவார்கள். அந்தக் கையெடுப்புக்கு ஒரு டைல்ஸ் உடைப்பின் விலை உண்டு.

குளிர்நாடுகளில் இதே வேலைக்கு வேறு பொருள். லண்டனிலோ டொராண்டோவிலோ வீடு வாங்கும் நம்மவர்கள், அறைக்கு அறை சுவரோரம் நிற்கும் இரும்புச் சூடாக்கியை, ரேடியேட்டரை, மாட்டி முடிக்க பிளம்பரைத் தேடுகிறார்கள். அதன் பினிஷிங்கிலும் நுணுக்கம் கடைசியில்தான்: வால்வு பூட்டி, தண்ணீர் நிரப்பி, உச்சியில் தங்கிய காற்றைச் சிறு சாவியால் சீறவிட்டு வெளியேற்றி, எல்லா அறைக்கும் சூடு சமமாகப் போகும்படி ஒவ்வொரு வால்வையும் அளந்து திறப்பது. 1850களில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிரான்ஸ் சான் கல்லி அந்த இரும்புச் சூடாக்கியை உருவாக்கினார். நம் ஊரில் ரேடியேட்டர் லாரியின் முகத்தில்தான் இருக்கிறது. 1948-ல் தொடங்கிய எண்ணூர் அசோக் லேலண்டுக்கு அது இல்லாமல் முடியாது. பக்கத்தில் திருவொற்றியூரில் தயாரான என்ஃபீல்டு புல்லட்டுக்குக் கடற்காற்றே போதும். வீட்டுக்குள் நமக்குச் சூடு என்றால் மார்கழி மாதத்துக் கீசர். ஆனால் கூலிக் கேள்வி எங்கேயும் ஒன்றுதான்: முக்கால்வாசி முடிந்த வேலையை முழுசாக்குகிறவருக்கு என்ன கொடுப்பது?

பில்லின் முதல் வரிக்கு வருவோம். ஐந்து ஆங்கிள் காக், ஒன்றுக்கு 80 ரூபாய். கீசருக்கு இரண்டு, பேசினுக்கு ஒன்று, ஃப்ளஷ் டேங்க்குக்கு ஒன்று, ஹெல்த் பாசெட்டுக்கு ஒன்று. கடையில் கேட்டால் "அரை இஞ்சு" என்று கொடுப்பார்கள். ஸ்கேல் வைத்து அளந்தால் அதன் மரையின் வெளி விட்டம் கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர். அரை இஞ்சு என்பது பழைய இரும்புக் குழாயின் உள்வாயைக் குறித்துத் தொடங்கிய பேச்சு. ஒரு இஞ்சு நீளத்துக்கு 14 மரை, 55 டிகிரிக் கோணம். 1841-ல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தில் முன்வைத்த திருகு அளவிலிருந்து வந்த கணக்கு அது. இங்கிலாந்தில் செய்தாலும் ராயபுரத்துக் கடையில் வாங்கினாலும் ஒன்றுக்குள் ஒன்று சேரும் என்பதற்கு அந்தக் கணக்குதான் காரணம்.

அந்த மரையின் மேல் வெள்ளை டெஃப்லான் டேப். 1938-ல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்ட பொருள், இன்று ஒவ்வொரு பிளம்பரின் சட்டைப் பையிலும் இருக்கிறது. அதற்கு முன் நூலைச் சுற்றி வெள்ளைப் பெயிண்ட் தடவிப் பூட்டினார்கள். பழைய ஆட்கள் இரும்புப் பைப்பென்றால் இப்போதும் நூலைத்தான் நம்புகிறார்கள். டேப்பைப் பூட்டும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முதல் திருப்பிலேயே பிரிந்து மூக்கில் சுருண்டுகொள்ளும். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாத நுணுக்கம் எத்தனை சுற்று என்பது.

ஆங்கிள் காக் இறுக வேண்டும். இறுகி நிற்கும்போது அதன் வாய் சரியான பக்கம் பார்த்திருக்கவும் வேண்டும். பேசினுக்கானது மேலே, ஹெல்த் பாசெட்டுக்கானது கீழே. வாய் பக்கவாட்டில் இருக்கும்போதே இறுகிவிட்டால், மேலும் முக்கால் சுற்றுச் சுற்ற உள்ளே இடமில்லை. பலம் கொடுத்தால் சுவருக்குள் இருக்கும் பித்தளை மரை விரியும். பின்னால் கால் சுற்றுத் திருப்பினால் டேப் தளர்ந்து ஒழுகும். ஆக, கடைசிக் கால் சுற்று முடியும் இடத்தில் இறுக்கமும் திசையும் ஒன்றாக வந்து சேரவேண்டும். அதற்காகத்தான் நல்ல பிளம்பர் டேப் சுற்றும் முன்பே காக்கை வெறுமனே ஒரு முறை கையால் பூட்டி, எத்தனையாவது சுற்றில் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் கழற்றுகிறார். பிறகு அந்தக் கணக்குக்குத் தகுந்தாற்போல் பன்னிரண்டு சுற்றோ பதினைந்தோ டேப். முடிவை முதலில் தீர்மானித்துவிட்டு அதற்கு ஏற்றபடி தொடங்குகிற கை அது. "டைட் பண்றது எல்லாரும் பண்ணுவாங்க சார், எங்க நிறுத்தணும்னு தெரியணும்" என்றார் இந்தப் பில் எழுதியவர். 80 ரூபாய் அந்த நிறுத்தத்துக்கு.

அடுத்த வரி வால் மிக்சர். சூடும் பச்சையும் கலந்து தரும் குழாய். சுவரில் அதற்கு இரண்டு வாய், நடுவிலிருந்து நடுவுக்கு 150 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ரஃப் வேலை செய்தவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்து 145 இருக்கும், 158 இருக்கும், ஒன்று ஏறி ஒன்று இறங்கி இருக்கும். அதைச் சரிக்கட்ட மிக்சரோடு இரண்டு வளைந்த கால் வரும். அதன் இரு முனையும் ஒரே நேர்க்கோட்டில் இருக்காது. அவற்றைச் சுற்றச் சுற்ற முனை ஒரு சிறு வட்டம் போடும். இரண்டு வட்டங்களிலும் எந்த இடத்தில் நிறுத்தினால் இரண்டுக்கும் நடுவே சரியாக 150 வருகிறதோ, மட்டமும் சேருகிறதோ அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டும் இறுகியும் இருக்க வேண்டும்.

மட்டம் என்றால் எதன் மட்டம்? இதில் ஒரு அழகான தர்மசங்கடம் உண்டு. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் மிக்சர் நேராக இருக்கிறது. தள்ளி நின்று பார்த்தால் சாய்ந்து தெரிகிறது. ஏனென்றால் டைல்ஸ் கோடு ஒரு நூல் சாய்ந்திருக்கிறது. கருவி சொல்வதைக் கேட்பதா, கண் சொல்வதைக் கேட்பதா? இந்தப் பிளம்பர் கண்ணுக்கு ஓட்டுப் போட்டார். தினமும் பார்க்கப் போகிறவர்கள் கையில் ரசமட்டத்தோடு குளிக்க வரமாட்டார்கள் என்பது அவர் வாதம். கிளாசெட்டுக்கு மட்டும் ரசமட்டம்தான், அங்கே தண்ணீர் நிற்கும் மட்டம் கண்ணை ஏமாற்றாது. எந்தப் பொருளுக்கு எந்த நியாயம் என்று பிரித்துப் பார்க்கும் இந்தத் தெளிவு, 600 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது.

மிக்சரின் நட்டை முடுக்கும்போது ஸ்பேனரின் வாய்க்குள் பழைய துணி வைத்திருந்தார். பளபளப்பில் கீறல் விழாமல் இருக்க எல்லா ஊர்ப் பிளம்பரும் செய்வதுதான். ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே உள்ள வீடுகளில் அந்தத் துணிக்கு மதிப்பு அதிகம். குரோமியப் பூச்சு மிக மெல்லியது. ஒரு கீறல் விழுந்தால் கடல் உப்பு அதற்குள் உட்கார்ந்துகொள்ளும். முதலில் ஒரு புள்ளி, பிறகு பச்சை, பிறகு பூச்சு செதில் செதிலாக எழும்பும். உள்ளே இருப்பது கனமான பித்தளையாக இருந்தால் குழாய் பிழைக்கும்; விலை மலிவான துத்தநாகக் கலவையாக இருந்தால் சீக்கிரமே உளுத்துவிடும். அதனால் இந்தப் பக்கத்துப் பிளம்பர்கள் சாமான் லிஸ்ட் எழுதும்போது பிராண்டைவிட எடையைப் பற்றிப் பேசுகிறார்கள். குழாயைக் கையில் வாங்கி இரண்டு முறை மேலும் கீழும் தூக்கிப் பார்ப்பார்கள். அந்த ஆலோசனை எந்தப் பில்லிலும் வருவதில்லை.

காற்றில் மட்டுமா உப்பு? மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் உள்ளே புகுந்ததை 1960களின் முடிவிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். குடிநீரில் கரைந்திருக்கும் உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரநிர்ணயம். போர் தண்ணீரில் இந்த வரம்பை நம்பி இந்தப் பக்கம் யாரும் குழாய் மாட்ட முடியாது. காட்டுப்பள்ளியில் 2010-ல் திறந்த ஆலை, கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனோடு வடசென்னைக்காக வந்தது. ஆகவே பல வீடுகளில் இரண்டு தண்ணீர், இரண்டு பைப்: போர் தண்ணி, மெட்ரோ தண்ணி. பினிஷிங்குக்கு வருகிறவர் எந்த வாய் எந்தத் தண்ணீர் என்று முதலில் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கிறார்.

இந்தத் தண்ணீருக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க 1772-ல் வெட்டிய ஏழு கிணறு ராயபுரத்திலிருந்து கூப்பிடு தூரம். புழல் ஏரியிலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஏற்பாடு 1872-ல். கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-ல். மெட்ரோ வாட்டர் வாரியம் 1978-ல். திருவொற்றியூர் நகராட்சி 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. நகரக் குழாயின் வால் முனையில் இருப்பதால் இங்கே அழுத்தம் குறைவு; தெருக்குழாயில் தண்ணீர் தானாக ஏறி வராது, வீட்டு வாசலில் அடிபம்பு வைத்து இழுக்க வேண்டும்.

அடிபம்பு இந்தப் பகுதிப் பிளம்பர்களுக்கு ஒரு தனிப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. மற்ற இடத்தில் ஒழுகல் என்றால் தண்ணீர் வெளியே வரும், கண்ணுக்குத் தெரியும். அடிபம்பு லைனில் மூட்டு சரியில்லை என்றால் ஒரு சொட்டும் வெளியே வராது. இழுக்கும்போது வெளிக் காற்று உள்ளே போகும். கைப்பிடி லேசாகிவிடும், தண்ணீர் ஏறாது. "ஏர் வாங்குது" என்பார்கள். மண்ணுக்கடியில் மூட்டு ஏர் வாங்கும் இடத்தில் சாக்கடை கசிந்தால் அதையும் சேர்த்து வாங்கும். வெளியே ஒழுகாத ஒழுகலைத் தேடிப் பழகிய கைகள் இவை. அதனால்தான் ஆங்கிள் காக்கைப் பூட்டும்போதும் "ஒழுகலையே, போதும்" என்று விட்டுவிட இவர்களுக்கு மனம் வருவதில்லை.

பேசின், கிளாசெட் இரண்டும் தண்ணீரை வெளியேற்றும் பக்கம். இங்கே மூட்டு மாத்திரம் முக்கியம் இல்லை, வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீரும் முக்கியம். கிளாசெட்டின் கழுத்தில் இரண்டு இஞ்சு உயரத்துக்கு நிற்கும் அந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாடைக்குக் கதவு. கிளாசெட் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தக் கதவு குட்டையாகிவிடும். ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பார்த்து, பிறகு இரண்டு போல்ட்டையும் மாறி மாறி, ஒன்றில் அரைச் சுற்று, மற்றதில் அரைச் சுற்று என்று இறக்குகிறார்கள். ஒரு பக்கத்தை முழுசாக முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பீங்கான் டப்பென்று விடும். கிளாசெட் வரி 900 ரூபாய் என்பது இந்தப் பயத்துக்கும் சேர்த்து: உடைத்தால் பொறுப்பு அவருடையது. ஓரத்தில் வெள்ளை சிமெண்ட் பூசி விரலால் ஒரே இழுப்பில் வழித்தார். பின்னால், சுவரை ஒட்டிய பக்கம், ஓரங்குலம் பூசாமல் விட்டார். உள்ளே கசிந்தால் அந்த வழியாக வெளியே தெரியட்டும் என்று. முழுசாகப் பூசி அழகாக்குவது சுலபம். அந்த ஓரங்குலம் விட்ட இடம், பில்லின் பெரிய நயங்களில் ஒன்று.

கீசருக்கு வருவோம். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லிட்டர் பெருக்கும். அந்த அதிகப்படித் தண்ணீர் எங்கேயாவது போயாக வேண்டும். பச்சைத் தண்ணீர் நுழையும் வாயில் இருக்கும் பாதுகாப்பு வால்வு அதற்காகத்தான். அழுத்தம் ஏறினால் சொட்டுச் சொட்டாக வெளியே விடும். "புது கீசர் ஒழுகுது" என்று வீட்டுக்காரர் சத்தம் போட, அந்த வாயை எண்டு கேப் போட்டு அடைத்துவிட்டுப் போகிற ஆட்களும் உண்டு. இவர் அந்தச் சொட்டுக்கு ஒரு மெல்லிய டியூபைச் செருகி, சுவரோரமாகவே இறக்கி, தரை டிராப்பின் மேல் விட்டார். பார்த்தால் தெரியாது. 500 ரூபாயில் பெரும்பகுதி நான் அந்த டியூபுக்குத்தான் கணக்கு வைப்பேன்.

அடுத்தது தொகை எழுதாத வரி. "தண்ணி விட்டுப் பாத்தது" என்று எழுதிக் கோடு போட்டு, எதிரே ஒன்றும் எழுதவில்லை. மறந்து விட்டது இல்லை. அப்படி எழுதுவது அவர்கள் வழக்கம். வேலை செய்தேன் என்று காட்டவும் வேண்டும், அதற்குக் காசு கேட்கக் கூச்சமும் இருக்கிறது. உண்மையில் அன்று என்ன நடந்தது? டேங்க் நிறைய மோட்டார் போட்டுக் காத்திருந்தார். ஒவ்வொரு மூட்டின் கீழும் தினத்தந்தித் தாளைக் கிழித்து வைத்தார். ஒரு சொட்டு விழுந்தால் தாளில் வட்டம் காட்டிக் கொடுத்துவிடும். மூட்டைத் தடவிப் பார்க்க உள்ளங்கையைப் பயன்படுத்தவில்லை, புறங்கையைப் பயன்படுத்தினார், வேலைசெய்து காய்ப்பேறிய உள்ளங்கைக்கு ஈரம் சட்டென்று தெரியாது. மிக்சரில் சூட்டையும் பச்சையையும் மாற்றி மாற்றித் திறந்தார். பச்சைத் தண்ணீரில் ஒழுகாத மூட்டு, சூடு பட்டு விரிந்து சுருங்கியபின் ஒழுகலாம். பேசினை விளிம்புவரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டார், வேஸ்ட் கப்ளிங்குக்கு அதுதான் பரீட்சை. இப்படி மதியம் போயிற்று.

இனி கூலியைக் கணக்குப் போடலாம். குழாய் வேலைக்குக் கூலி பேச இரண்டு வழி. பாயிண்ட் கணக்கு என்றால் மாட்டும் பொருளுக்கு இவ்வளவு. நாள் கணக்கு என்றால் ஆளுக்கு இவ்வளவு. இவருடைய நாள் கூலி 1,200, கூட வரும் பையனுக்கு 800. வேலை ஒன்றரை நாள். நாள் கணக்கில் 1,800-ம் 1,200-ம் சேர்ந்து 3,000. பாயிண்ட் கணக்கிலும் 3,000. ஒரு விலை நியாயமா என்று பார்க்க வீட்டுக்காரருக்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை: பாயிண்ட் கணக்கில் சொன்னால் நாள் கணக்கில் மாற்றிப் பார்க்க வேண்டும், நாள் கணக்கில் சொன்னால் பாயிண்ட்டுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப் போனால் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பாயிண்ட் கணக்கு இரண்டு மடங்கு தாண்டினால் கேட்கலாம். பாதிக்குக் குறைந்தால் அதையும் கேட்க வேண்டும். அந்த வித்தியாசத்தை அவர் வேறெங்கோ எடுக்கிறார், ஒன்று கடைக்காரர் கமிஷனில், இல்லையென்றால் டேப் சுற்றில்.

ஆனால் இந்த ஒன்றரை நாளில் தண்ணீர் விட்டுப் பார்த்த மதியமும் அடக்கம். அதாவது அந்த வரிக்கும் காசு இருக்கிறது, மற்ற வரிகளுக்குள் ஒளிந்திருக்கிறது. இப்படி ஒளிந்திருப்பதில்தான் ஆபத்து. நாம் பேரம் பேசி 400 ரூபாய் குறைத்தால், ஆங்கிள் காக் ஐந்திலிருந்து நான்காகாது, கிளாசெட் சின்னதாகாது. குறைவது பரீட்சை பார்க்கும் மதியம்தான். பேரத்தில் நாம் வெட்டுவது நமக்குத் தெரியாத ஒரே வரியை. அதனால் அந்த வரிக்குத் தனித் தொகை எழுதச் சொல்வது இரண்டு பேருக்கும் நல்லது. இந்தப் பில்லையே திருப்பி எழுதினால், மாட்டுவதற்கு 2,400, தண்ணீர் விட்டுப் பார்த்து உறுதி செய்ய 600 என்று பிரிக்கலாம். மொத்தம் மாறவில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்பது தெரிந்துவிடுகிறது.

வேறொருவர் பாதியில் விட்ட வேலை என்றால் இதற்கு மேலும் கொஞ்சம் கேட்பார்கள். கேட்கலாம். சுவருக்குள் இருக்கும் மூட்டு அவர் போட்டது இல்லை. நாளைக்கு அங்கே ஈரம் பூத்தால் முதலில் போன் வருவது அவருக்கு. தான் செய்யாத வேலைக்கும் பதில் சொல்லும் பொறுப்புக்கு ஒரு விலை உண்டு. அதற்கும் ஒரு நேர்மையான வழி இருக்கிறது: பொருத்தும் முன்பே எல்லா வாயையும் பிளக் போட்டு அடைத்து, பைப்பில் தண்ணீரை நிறுத்தி ஓரிரவு விட்டுப் பார்ப்பது. பழைய குற்றம் பழையவருடையது என்று வீட்டுக்காரர் முன்னிலையில் தெரிந்துவிடும். அதற்கு ஒரு அரை நாள் கூலி சேர்த்துக் கேட்டால் கணக்கு சரி.

பில்லில் வராத ஒருவர் உண்டு, கூட வந்த பையன். டேப்பை எடுத்துக் கொடுத்தவன், மாடிக்கும் கீழுக்கும் ஓடி வால்வு திறந்து மூடியவன், தாளில் வட்டம் விழுகிறதா என்று முழங்கால் போட்டுப் பார்த்தவன். அவன் கூலி எந்த வரியிலும் இல்லை. கூலிக்கு முகம் வேண்டும் என்று முதலில் உரக்கச் சொன்ன பகுதி இந்த வடசென்னை. 1918 ஏப்ரலில் பெரம்பூர் மில் தொழிலாளிகளுக்காக சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். மில்லுக்கும் துறைமுகத்துக்கும் சங்கம் வந்தது, தனித்தனியாக வீடு வீடாகப் போகிற கைகளுக்குத் தாமதமாகத்தான் ஏதோ வந்தது: 1982-ன் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம், அதன் கீழ் 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம். குழாய் பொருத்துகிறவர்களும் அதில் பதிந்துகொள்ளலாம். வாரிய அட்டை விபத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் உதவும். நாள் கூலியை அது நிர்ணயிப்பதில்லை. அதை வாசற்படியில் நாமும் அவருமாகத்தான் பேசி முடிக்கிறோம். பேசும்போது "உங்களுக்கு எவ்வளவு, பையனுக்கு எவ்வளவு" என்று பிரித்துக் கேட்டால், பையனுக்கும் ஒரு வரி கிடைக்கும்.

பில்லைக் கொடுத்துவிட்டு அந்தப் பிளம்பர், "பத்து நாள் கழிச்சு ஒரு தபா வந்து பாத்துட்டுப் போறேம்மா, சூடு பட்டதும் நட்டு ஒரு நூல் லூசாவும்" என்று வீட்டு அம்மாவிடம் சொன்னார். மொத்தத்தில் பேரம் பேசிக் குறைத்த வீட்டுக்கு இந்த வாக்கியம் சொல்லப்படாது. வேண்டுமென்றே மறுப்பதில்லை, அந்தத் தெருவழியே போகும்போது வண்டியை நிறுத்தத் தோன்றாது, அவ்வளவுதான். அவருக்கும் கட்டுபடியாகி, நமக்கும் வயிறு எரியாமல், பத்தாம் நாள் வண்டி தானாக நம் வாசலில் நிற்கும் அளவுக்குப் பேசியது எதுவோ அதுதான் இந்தப் பக்கத்தில் நியாயமான பிளம்பர் கூலி. அந்த வீட்டில் 3,000-த்தைக் குறைக்காமல் கொடுத்தார்கள். பையனுக்கு 100 ரூபாய் தனியாக.